கோபக்காரன் கையும் நல்ல எழுத்தும்

தம்பிக்கு,

நீ வந்துவிட்டுப் போன மறுநாளே எழுத உட்கார்ந்தேன். இன்றைக்கும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். அவசரப்பட்டால் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன, அதனால் மெதுவாகவே எழுதுகிறேன். இது யாரிடமோ சொல்லி எழுதவைத்தது இல்லை. முன்பெல்லாம் உனக்குக் கடுதாசி போட வேண்டும் என்றால் தபால்காரரிடம் போய் நிற்க வேண்டும். அவரிடம் சொல்லும்போதே பாதி விஷயம் வெட்கத்தில் நின்றுபோகும். ‘இங்கு அனைவரும் நலம்’ என்று அவரே ஒன்றைப் போட்டு மடித்துக் கொடுத்துவிடுவார். இப்போது முதியோர் பள்ளியில் வாத்தியாரம்மா சொல்லிக்கொடுத்து எனக்கே கை வந்துவிட்டது. வாய் எனக்கு எப்போதும் தாமதம், உனக்குத் தெரியும். யாராவது ஒன்று சொன்னால், அதற்குப் பதில் நான் கொல்லைக்குப் போய் மண்வெட்டியை எடுத்த பிறகுதான் வரும். அங்கே கேட்க ஆள் இருக்காது. இனிமேல் அந்தப் பதில் வீணாகாது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் இவ்வளவு சந்தோஷமாகக் கற்றுக்கொண்ட எழுத்தை வைத்து உனக்கு எழுத வேண்டியது இப்படி ஒரு கடுதாசியாகப் போய்விட்டதே என்று நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே ஒன்று சொன்னாய். “கலைக்காரன்னா அப்படித்தான்ப்பா இருப்பான். கோவம் இல்லாதவன் கையில கோடு வராது. மாசக் கடைசியில வரேன், அவளக் கெளம்பி இருக்கச் சொல்லு” என்றாய். சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாய். உன் அம்மா காபியை ஆற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அழுகின வெங்காயம் ஒன்று கையில் பிதுங்கிவிட்டால் விரல் இடுக்கில் ஒரு நாற்றம் நிற்குமே, சோப்புப் போட்டாலும் போகாமல் சோற்றுக்குக் கையைக் கொண்டுபோகும்போதெல்லாம் மூக்கில் ஏறுமே, உன் பேச்சு அப்படித்தான் என்னிடம் தங்கிவிட்டது. அதைக் கழுவத்தான் இதை எழுதுகிறேன்.

உனக்குத் திறமை இல்லை என்று சொல்ல நான் எழுதவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் மண்டியில் வெங்காயம் போட்டுவிட்டு வருவதற்காகப் பெரம்பலூர் வந்தபோது பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஒரு ஜவுளிக்கடை. அதற்கு முன்னாலும் எத்தனையோ முறை அங்கே நின்றிருக்கிறேன், பலகை இருக்கிறது என்று தெரியும், நீ எழுதினது என்றும் தெரியும். அன்றைக்கு அது என்னைப் பார்த்துப் பேசிவிட்டது. முதல் எழுத்தான ‘ஜ’ எனக்கு அப்போது வரவில்லை, அதைப் பாடத்தில் கடைசியில்தான் வைத்திருக்கிறார்கள். மற்ற எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு அதை ஊகித்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் இடது பக்கம் கீழே ஒரு நிழல் போட்டிருந்தாய். வெயிலில் நிறுத்திவைத்த மாதிரி எழுத்து எழுந்து நின்றது. செட்டிகுளம் பஸ் வந்து போய்விட்டது, நான் ஏறவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் “இது என் மவன் எழுதுனதுங்க” என்றேன். “அதுக்கென்ன இப்ப” என்றார். அவருக்கு என்ன தெரியும். பிறகு நிழலை வைத்தே உன் பலகைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். மருந்துக்கடை, சைக்கிள் கடை, சந்துக்குள் இருக்கிற தையல்கடை. மகன் எழுதுகிறவனாகி இவ்வளவு வருஷம் கழித்து அப்பன் படிக்கிறவனானேன். அந்தச் சந்தோஷத்தை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

அதே கையைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். உன் பெண்டாட்டி மலர்க்கொடி அன்றைக்கு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள். ஈரத் தலை என்று நினைத்தேன். உன் அம்மா துண்டை அவிழ்த்தபோது அது முடியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பச்சை பெயிண்ட். தகடு மாதிரிக் காய்ந்து, காதுக்குள்ளும் புருவத்திலும் இறங்கியிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள், தேங்காய் எண்ணெய் போட்டார்கள். தோல் சிவந்து வெந்ததே தவிர பெயிண்ட் போகவில்லை. கடைசியில் உன் அம்மா துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தாள். முடி பூராவும் ஒரே கட்டையாகக் கீழே விழுந்தது, தட்டினால் சத்தம் கேட்கும் போல இருந்தது. வீடு முழுக்க அந்த நெடி. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

என்ன நடந்தது என்று நாங்கள் கேட்ட பிறகுதான் மலர்க்கொடி சொன்னாள். நீ வந்தபோது நீயும் அதையேதான் சொன்னாய், ஒன்றும் மாற்றிச் சொல்லவில்லை. உரக்கடைக்காரர் ஒருவர் மறுநாள் காலையில் புதுக் கடை திறக்கிறார். பலகை ஆக வேண்டும். நீ எழுத்துக்கெல்லாம் கோடு போட்டு வைத்துவிட்டு, சிநேகிதர்களோடு போய்க் குடித்துவிட்டு வந்து படுத்துவிட்டாய். விடிந்தும் எழுந்திருக்கவில்லை. அவர் வந்து வாசலில் நிற்பாரே, உன் பேர் கெட்டுப்போகுமே என்று அவளே பிரஷ்ஷை எடுத்து உன் கோட்டுக்குள் பச்சையை நிரப்பிவிட்டாள். உரக்கடைக்காரர் பார்த்து நன்றாக இருக்கிறது என்று தூக்கிக்கொண்டு போனார். நீ எழுந்து, என் எழுத்தில் கைவைக்க நீ யார் என்று கேட்டு, டப்பாவில் மிச்சம் இருந்ததை அவள் தலையில் கவிழ்த்தாய். இதை என்னிடம் சொல்லும்போது நீ கடைசியாக ஒன்று சொன்னாய் பார், அதுதான் எனக்குப் பெயிண்ட் நெடியைவிட மோசமாக இருந்தது. “நெழலு போடாம உட்டுட்டாப்பா” என்றாய். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. நிழலுக்காகக் கோபப்படுகிற அளவுக்குப் பெரிய கலைக்காரன் என்று உன்னை நீயே மெச்சிக்கொண்ட மாதிரி இருந்தது.

இந்தப் பேச்சு உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் தம்பி, உன் சித்தப்பனிடம் இருந்து வந்தது. அரியலூர் பக்கம் எந்த ஊர்த் திருவிழாவில் நாடகம் போட்டாலும் பபூன் வேஷத்துக்கு அவனைத்தான் கூப்பிடுவார்கள். மேடைக்கு வந்து நிற்பான். எதிரே உட்கார்ந்திருக்கிற பெரிய மனுஷர் யாராவது கொட்டாவி விட்டால் போதும், அந்தக் கொட்டாவிக்கே அங்கேயே ஒரு பாட்டுக் கட்டிவிடுவான். யோசிக்கவே மாட்டான். யார் பேரை இழுத்துக் கேலி செய்தாலும் அவர் சிரித்துக்கொண்டே வந்து துண்டு போர்த்த வேண்டும், அதுதான் வழக்கம். கோபித்துக்கொண்டால் ஊரே அவரைத்தான் கேலி செய்யும். மேடையில் அது நன்றாகத்தான் இருந்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். அவன் மேடையை விட்டு இறங்கின பிறகும் அந்த வழக்கத்தைக் கையோடு கொண்டுவந்துவிட்டான். வீட்டில் உன் சித்தியைக் கேலி செய்வான், அவளும் சிரிக்க வேண்டும். அவள் பொறுக்காமல் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னால் செம்பு பறக்கும். எல்லாரும் அவளிடம்தான் போய், அவன் கலைக்காரன், நீதான் அனுசரிக்க வேண்டும் என்பார்கள். நம் வீட்டிலும் அப்படித்தான் சொன்னோம். நீ அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாய்.

ஒரு நாள் நடந்ததை உனக்குச் சொல்கிறேன், நீ அப்போது கைக்குழந்தை. வேலை இல்லாத மாசத்தில் நாடகக் கம்பெனிப் பெட்டிகளை நான் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். விக்கிரமங்கலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர். ஆட்டக்காரர்களுக்குச் சோறு வீட்டு முறை வைத்துப் போடுவார்கள், இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அடுத்த வீடு என்று. அன்றைக்கு முறை வந்த வீட்டில் வசதி இல்லை. அந்த அம்மாள் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, கூடத்தை மெழுகி, எங்களை உட்காரவைத்துப் பரிமாறினாள். உன் சித்தப்பன் தட்டைப் பார்த்தான். காலால் எத்தினான். குழம்பு போய் அவள் புடவையில் தெறித்தது. “பபூனுக்குக் கருவாடா” என்றான். அதற்கு அந்த ஊர்ப் பெரியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா. அவனை அடிக்கவில்லை. வேறு வீட்டில் போய்க் கோழி அடித்து, கலைக்காரர் மனசு நொந்துவிட்டது என்று அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த அம்மாள் கரண்டியோடு அப்படியே நின்றாள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் துப்ப வேண்டும் போல இருக்கிறது. அவன்மேல் மட்டும் இல்லை. கோழி அடித்தவர்கள்மேலும்தான்.

அந்த இடத்தில் எழுந்து போகாமல் இருந்தவர் ஆர்மோனியம் வாசிக்கிற காதர் பாய். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். மெலிந்த ஆள், அதிர்ந்து பேச மாட்டார். “எனக்குப் போடு தாயி, கருவாடுன்னா எனக்கு உசுரு” என்று சொல்லித் தட்டை நகர்த்திவைத்தார். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மேடையில் அவரை யாரும் பார்த்ததில்லை, படுதாவுக்குப் பக்கத்தில் மறைவாகத்தான் உட்காருவார். கூட்டம் தன்னைப் பார்த்தால் விரல் தடுமாறும் என்பார். ஆனால் பாடுகிறவன் யாராக இருந்தாலும், அவன் சுருதி விலகின இடத்துக்கே தன் பெட்டியையும் கொண்டுபோய், விலகினதே தெரியாமல் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். அதுவும் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, அந்த நிமிஷத்தில் புதிதாகக் கட்டுவதுதான். ஆனால் அடுத்தவனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறவனுக்குத்தான் அது வரும். மறுநாள் காலையில் அவர் வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். உன் சித்தப்பன் பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் தூங்கினான். என் தம்பி ஆயிற்றே என்று நான் மெதுவாக, அவன் குணம் அப்படி, அந்தக் குணம் இல்லாவிட்டால் அந்தப் பாட்டும் வராது என்று சொன்னேன்.

பாய் பின்னால் தூங்குகிறவனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். “அண்ணே, அவனுக்குக் கூச்சம் கெடையாது, அது வாஸ்தவம். ஆயிரம் பேரு முன்னால கொரங்கு மாதிரி நிக்கிறதுக்குக் கூச்சம் இருக்கக் கூடாது. எனக்குக் கூச்சம் உண்டு, அதனாலதான் நான் பபூன் இல்ல. ஆனா தட்ட எத்துனதுக்கும் பாட்டுக்கும் என்னண்ணே சம்பந்தம். நேத்து அவன் எப்படிப் பாடுனான்னு நீங்க கேட்டீங்களா.” கேட்டேன், நன்றாகத்தானே இருந்தது என்றேன். “சனம் சிரிச்சிச்சு. நான் பொட்டி வாசிச்சவன், எனக்குத் தெரியும். பழைய பாட்டையே திருப்பித் திருப்பிப் போட்டான். ஒண்ணுகூடப் புதுசு இல்ல. இவன் சண்ட போட்டுட்டு வர்ற அன்னிக்கெல்லாம் அப்படித்தான். நல்லா சாப்ட்டு, நாலு பேருகிட்ட சிரிச்சுப் பேசிட்டு மேடைக்கு வர்றான் பாருங்க, அன்னிக்குக் கேளுங்க. நசீபு, அவனுக்கு ஆண்டவன் குடுத்தது அது. இந்தக் கோவம் இவனா சேத்துக்கிட்டது. ரெண்டையும் ஒரே மூட்டையா கட்டிட்டாங்க நம்ம ஆளுங்க.” அவ்வளவுதான் சொன்னார். இன்றைக்கு யோசித்தாலும் அதற்கு எதிர்ப்பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

உன் சித்தப்பன் கெட்டுப்போனான் என்று சொல்லி உன்னைப் பயமுறுத்த எனக்கு வழி இல்லை. அவனுக்கு இன்றைக்கும் மாலை விழுகிறது. கெட்டது உன் சித்திதான். உடையார்பாளையத்தில் அவள் அண்ணன் வீட்டில் கிடக்கிறாள், மாவாட்டிக்கொண்டும் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டும். அவளுக்குக் குரல் இருந்தது, உனக்குத் தெரியாது. நடவுக்குப் போனால் எதிர்ப்பாட்டு அவள்தான் எடுப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பாடி யாரும் கேட்டதில்லை. ஒரு வீட்டில் ஒரு கலைக்காரன் போதும் என்று அவன் சொல்லிவிட்டானாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னானாம்.

உன் அம்மாவை யாரும் கலைக்காரி என்று சொன்னது கிடையாது. அவளைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வார்கள். உண்மைதான். மேகம் கறுத்தால் அவள் முகம் அதற்கு முன்னால் கறுத்துவிடும். கதவைச் சாத்திவிட்டுச் சாத்தினோமா என்று திரும்ப எழுந்து பார்ப்பாள். நமக்குக் கொஞ்சம் நிலம் சொந்தமாக வந்த புதிதில், எல்லாரையும் போலப் பறித்த சின்ன வெங்காயத்தை, விலை வரும் வரைக்கும் இருப்பு வைக்க, கொல்லையிலேயே குவித்து அகலமாகப் பட்டறை போட்டு வைத்தோம். நடுவில் காற்றுப் போகாமல் உள்ளுக்குள் வெந்து அழுகிவிட்டது. பிரித்தபோது ஊர் நாறியது. மற்றவர்கள் தலையெழுத்து என்று விட்டுவிட்டார்கள். அவளுக்கு விட முடியவில்லை, பயம் விடவில்லை. கூடை கூடையாக வெங்காயத்தைப் பிரித்து, ஒன்றைத் தரையில், ஒன்றைக் கல்லுக்கு மேலே, ஒன்றைச் சோளத்தட்டை போட்டு, ஒன்றைப் போடாமல் என்று வைத்துவைத்துப் பார்த்தாள். தினமும் போய் ஒவ்வொரு கூடையிலும் மூக்கை வைப்பாள். எனக்கே பைத்தியமோ என்று தோன்றியது. கடைசியில், அடியில் கல் கொடுத்துத் தூக்கி, அகலத்தைக் குறைத்து ஒடுக்கமாக, காற்று வருகிற பக்கம் பார்த்து, இரண்டு பக்கமும் தட்டை கட்டி ஒரு பட்டறை போட்டாள். அந்த வருஷம் அது அழுகவில்லை. அப்புறம் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு அதே மாதிரி போட்டுக்கொண்டார்கள். யாரும் யார் யோசனை என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், குணத்துக்கும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறதுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சம்பந்தம் இருக்கிறது. கூச்சம் இல்லாதவனுக்கு மேடையில் பாட்டு வருகிறது. கூச்சப்படுகிற பாய்க்கு அடுத்தவன் பாட்டைத் தூக்கிப் பிடிக்க வருகிறது. பயப்படுகிறவளுக்குப் பட்டறை வருகிறது. மேடையில் கொண்டுபோய் நிறுத்தினால் உன் அம்மா மயங்கி விழுவாள், பட்டறைக் கூடையைக் கொடுத்தால் உன் சித்தப்பன் இரண்டாம் நாள் அதைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவான். ஒருவன் குணம் இன்னொருவன் வேலைக்கு ஆகாது. ஆனால் உன் அம்மா அந்தப் பயத்தை எடுத்து எங்கள் தலையில் கொட்டியது உண்டா. கொஞ்சம் உண்டு. ராத்திரி தூங்கவிட மாட்டாள், பூட்டைப் பார் என்பாள். மறுநாள் அவளுக்கே வெட்கமாகி, ஒன்றும் சொல்லாமல் எனக்குப் பிடித்த துவையலை அரைத்து வைப்பாள். என் பயத்தால்தான் பட்டறை நின்றது, ஆகவே என் பயத்தை எல்லாரும் கும்பிடுங்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தன் குணத்தில் வேலைக்கு ஆகிறது எது, அடுத்தவரைப் படுத்துகிறது எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கலைக்காரன் என்று பேர் வாங்கின உங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் அது ஏன் தெரியாமல் போயிற்று.

இப்போது உன் குணத்துக்கு வருகிறேன். கோபம்தான் உன் கையில் கோடு போடுகிறது என்கிறாயே, நீ எழுதும்போது நான் பார்த்திருக்கிறேன். சைக்கிள் கடை வாசலில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தாய். நான் கீழே வந்து நின்றது உனக்குத் தெரியாது. பிரஷ் பலகையில் பட்டதும் மூச்சை நிறுத்திக்கொண்டாய். கோடு போய் முடிகிற வரைக்கும் நிறுத்தியிருந்தாய். பக்கத்தில் லாரிக்காரன் ஆரன் அடித்தான், நீ அசையவில்லை. ஒரு பெயிண்ட் காய்ந்த பிறகுதான் அடுத்தது என்று காத்திருந்தாய், விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு இன்னும் ஆகட்டும் என்று உட்கார்ந்துவிட்டாய். அதுதான் உன் குணம். பொறுமை. நீ சின்னதில் கரியை வைத்துச் சுவரில் கிறுக்கும்போதே அப்படித்தான், ஒரு வளைவு சரியாக வரும் வரைக்கும் அழித்து அழித்துப் போடுவாய், சோற்றுக்குக் கூப்பிட்டால் வர மாட்டாய். அந்தப் பொறுமைதான் எழுத்தாக எழுந்து நிற்கிறது. கோபம் இழுத்த கோடு ஒன்றைக்கூட நான் பெரம்பலூரில் பார்க்கவில்லை. நீ கோபத்தில் பெயிண்ட்டை எடுத்துச் செய்தது ஒன்றே ஒன்று, அதை உன் அம்மா கத்தரிக்கோல் வைத்து வெட்டினாள்.

இன்னொன்றும் பார்த்தேன். அதை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். எழுதுகிறேன். அதே நாள் சைக்கிள் கடைக்காரர் வெளியே வந்தார். எழுத்து கோணலாக இருக்கிறது, அழித்துவிட்டுப் போடு என்றார். கோணல் ஒன்றும் இல்லை, எனக்கே தெரிந்தது. வாயில் வெற்றிலையோடு, உன்னை வாடா போடா என்று பத்துப் பேர் நடுவில் பேசினார். நீ என்ன செய்தாய். சிரித்தாய். “சரிங்க அண்ணாச்சி, அழிச்சிட்டுப் போட்டுடறேங்க” என்றாய். துணியில் டர்பன்டைனை நனைத்து, உன் எழுத்தை நீயே துடைத்தாய். அன்றைக்கு எங்கே போனான் அந்தக் கலைக்காரன். கையில் டப்பா இருந்தது, எதிரில் தலை இருந்தது. கவிழ்க்கவில்லையே. உன் கோபத்துக்கு ஆள் பார்க்கத் தெரிகிறது, தம்பி. யார் தலையில் கொட்டினால் ஊர் கேட்காது என்று தெரிந்து கொட்டுகிறது. அதற்குக் கலை என்று பேர் வைக்கிறாயே, அதுதான் என்னால் விழுங்க முடியவில்லை. குடித்துவிட்டு வந்து கைநீட்டுகிற ஆள் நம் தெருவில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் கேவலம்தான். ஆனால் அவர்களில் ஒருவன்கூட, நான் பெரிய ஆள், அதனால்தான் அடிக்கிறேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மலர்க்கொடி இங்கேதான் இருக்கிறாள். விக்கிரமங்கலத்தில் இருந்து அவள் அப்பா வந்து கூப்பிட்டார், அவள் போகவில்லை. இங்கே இருந்துதான் இதற்கு ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்கிறாள். தலையில் முக்காடு போடாமல்தான் கடைக்குப் போகிறாள், முடி எப்படிப் போயிற்று என்று கேட்கிறவர்களுக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறாள். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது, நம் வீட்டு மானம் போகிறதே என்று. பிறகு அந்தக் கூச்சம் படவேண்டியவன் நீதான் என்று விட்டுவிட்டேன். போன வாரம் மலையடிவாரத்தில் டீக்கடை வைக்கிறவர், பெரம்பலூருக்குப் போக நேரம் இல்லை, நீயே ஒன்று எழுதிக் கொடு தாயி என்று கேட்டார். எழுதிக் கொடுத்தாள். போய்ப் பார்த்தேன். உன் எழுத்து மாதிரி இல்லை. நிழல் இல்லை, வளைவு இல்லை. குண்டு குண்டாக, ஒன்றுக்கொன்று இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தே, எழுத்துக் கூட்டாமல், ஒரே மூச்சில் படித்துவிட்டேன். எனக்கு அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. எப்படி இவ்வளவு எளிதாக இருக்கிறது என்று கேட்டேன். “உங்கள மாதிரி புதுசா படிக்கிறவங்களுக்கும் தெரியணும்ல மாமா” என்றாள். அடுத்தவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று நினைத்துப் பார்க்கிற குணம் அவளுக்கு. அதில் இருந்து வருகிற எழுத்து அது. உன்னுடையதைவிட அது உசத்தி என்று சொல்லவில்லை. அது வேறு.

மாசக் கடைசியில் வருகிறேன் என்றாய். வா. நான் அவளைக் கிளம்பி இருக்கச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நாலு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வராதே. அவர்கள் கோழி அடிக்கத்தான் லாயக்கு. தனியாக வா. என்னிடமோ உன் அம்மாவிடமோ பேச வேண்டாம், மலர்க்கொடி எதிரில் உட்கார். கலைக்காரன் என்கிற வார்த்தையை எடுக்காமல், நீ செய்ததை நீ செய்தாய் என்று சொல். அவள் வருகிறேன் என்றால் கூட்டிக்கொண்டு போ. வரவில்லை என்றால் வந்த பஸ் திரும்புவதற்குள் ஏறிக்கொள். எத்தனை மாசம் ஆனாலும் அவளுக்கு இங்கே இடம் இருக்கிறது. பொறுமை உன் குணம் என்று மேலே எழுதியிருக்கிறேன். பெயிண்ட் காய்வதற்குக் காத்திருக்கிறவன் ஒரு பெண் மனசு ஆறுவதற்கும் காத்திருக்கட்டும். அதுவரைக்கும் குடிக்காமல் இருக்க முடிகிறதா என்று பார். முடியவில்லை என்றால் அதையும் எழுது, மறைக்காதே. இனிமேல் உன் கடுதாசியைத் தபால்காரர் படித்துச் சொல்ல மாட்டார். நான்தான் படிப்பேன்.

இதை ஒட்டுவதற்கு முன்னால் மலர்க்கொடியிடம் கொடுத்தேன். அவளைப் பற்றி எழுதியிருக்கிறேன், அவளுக்குத் தெரியாமல் போகக் கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். டீக்கடை வரும் இடத்தில் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. முடித்துவிட்டு, அனுப்பலாமா என்று கேட்டேன். “அனுப்புங்க மாமா. ஒரு வரி மட்டும் தப்பு. ‘அவள் தினமும் அழுகிறாள்’னு போட்டிருக்கீங்க. நான் அழுவல. அத அடிச்சிடுங்க” என்றாள்.

அழுகிறாள் என்று எழுதினால் நீ சீக்கிரம் வருவாய் என்று நினைத்துத்தான் போட்டிருந்தேன். அடித்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் கறுப்பாக இருப்பது அதுதான்.

உன் அப்பா